மூன்றாம் வகுப்புப் பெட்டி

1886ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் சிலாங்கூரின் முதற் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. ஒரு முனை கோலாலம்பூர். மறுமுனை, கிள்ளான் நகருக்கு எதிர்க்கரையில் இருந்த புக்கிட் கூடா. இடைத்தொலைவு பத்தொன்பதரை மைல். 1890இல் ஆற்றின் குறுக்கே பாலம் எழுந்த பின்னரே வண்டி கிள்ளானுக்குள் நுழைந்தது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டதும், கப்பலை விட்டு இறங்கியவர் தண்டவாளத்தின் வழியே நாட்டின் உட்பகுதியை அடைவது எளிதாயிற்று.

அவ்வழியே சென்றவருள் தமிழர் மிகப் பலர். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த குடியேற்ற முகாம்களிலிருந்து கப்பலேறி, துறைமுகத்துத் தடுப்பு முகாமில் நாள்கள் சில கழித்து, தோட்டத்துக்கு அண்மையிலுள்ள நிலையம் வரையில் புகைவண்டியில் வந்தோர் அவர்கள். அவர்களைக் கொணர்ந்த கப்பல்களுள் பெரும்பெயர் பெற்ற ரஜூலா 1926இல் கட்டப்பட்டு, 1970களில் உடைக்கப்பட்டது. அவர்கள் குடியிருந்த மரத்தாலான லயங்களும் பெரும்பாலும் மறைந்தன. அவர்கள் மூட்டை முடிச்சுடன் அமர்ந்து வந்த மூன்றாம் வகுப்புப் பெட்டி என்ன ஆயிற்று? இவ்வினாவை எழுப்பியவர் சிலரே. எழுப்பியவருக்கும், அத்தகைய பெட்டி ஒன்று கிடைத்துவிட்டால் அதை எப்படிக் காப்பது என்னும் அடுத்த வினா முதல் வினாவைக் காட்டிலும் கடினமாகவே இருக்கும்.

புகைவண்டிப் பழம்பொருள்களைக் காப்போர் உலகில் எங்கும் முதலிற் கைவைப்பது இஞ்சினில்தான். அஃது இயல்பே. இஞ்சின் பெரும்பாலும் இரும்பாலானது; நீராவி விடும், கூவும். சிறுவரும் முதியவரும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வர். மலாயாவில் ஓடிய நீராவி இஞ்சின்களுள் ஒரு வகையினவற்றுக்கு ஊர்ப்பெயர்களே சூட்டப்பட்டிருந்தன. பெட்டிக்கோ எண் மட்டுமே. பணி முடிந்த இஞ்சினைப் பூங்காவில் ஒரு துண்டுத் தண்டவாளத்தின்மேல் நிறுத்திக் கறுப்பு வண்ணம் பூசிவிட்டால் பல ஆண்டுகள் உருக்குலையாமல் தோன்றும். பெட்டி அப்படி நிற்காது. பணி முடிந்த மரப்பெட்டிகளை ரயில்வேக்கள் பல தீயிட்டுக் கொளுத்தி, சாம்பலில் எஞ்சிய இரும்பைப் பழைய இரும்பு வாணிகருக்கு விற்றன. மரத்தைப் பிரித்தெடுக்கும் கூலியைவிட அது மலிவு.

தப்பிப் பிழைத்த பெட்டிகளை நோக்கினும் ஓர் உண்மை புலப்படும். புது தில்லியில் 1977இல் திறக்கப்பட்ட தேசிய ரயில் காட்சிசாலையில் பெரிதும் பேசப்படும் பெட்டிகள் இரண்டு. ஒன்று, வேல்ஸ் இளவரசரின் வருகைக்காக 1875இல் கட்டப்பட்டது. மற்றொன்று மைசூர் மகாராஜாவுடையது, 1899ஆம் ஆண்டினது. மைசூரில் 1979இல் அமைந்த காட்சிசாலையில் முதலிடம் பெறுவது மகாராணியின் பெட்டி. இளவரசர் சில நாள்கள் ஏறியிருந்த பெட்டிக்குப் பாதுகாவல் உண்டு. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் நெருக்கியடித்து ஏறிய பலகை இருக்கைப் பெட்டிக்குப் பெரும்பாலும் இல்லை. உழைத்துத் தேய்ந்த பொருள் தேய்ந்தபடியே மறைந்துபோகும். உழைக்காத பொருளே அழகு குன்றாமல் நின்று காட்சிக்கு வரும். எந்தக் காட்சிசாலையிலும் இந்தக் கோணல் உண்டு. சமையற்கட்டுப் பாத்திரத்தைவிட அரண்மனைத் தட்டே மிகுதியாகக் கிடைப்பது போல.

நீர் நுழையும் வழி

பெட்டி ஏன் இவ்வளவு விரைவில் அழிகிறது என்பதை அறிய அதன் அமைப்பை அறிதல் வேண்டும். பழைய பெட்டி நான்கு உறுப்புகளால் ஆனது. கீழே சக்கரங்களும் அச்சுகளும் வில்களும் கொண்ட தொகுதி. அதன்மேல் இரும்பாலான அடிச்சட்டம். அதன்மேல் மரத்தாலான உடற்கூடு. எல்லாவற்றுக்கும் மேலே கூரை. மலாயா, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் உடற்கூட்டுக்குத் தேக்கு விரும்பிக் கையாளப்பட்டது. நெடுக்காக ஓடும் அடிவிட்டத்தில் துளை வெட்டி, நிலைக்கால்களின் கழுந்துகளை அத்துளைகளில் இறக்கி, மேலே மற்றொரு விட்டத்தால் பிணைத்து, பக்கங்களுக்குப் பலகை அறைவர். வீடு கட்டும் தச்சுவேலையே இது. ஆனால் இவ்வீடு ஓடும்போது ஓயாமல் முறுக்குண்டு அசைய வேண்டும். ஆகவே மூட்டுகள் நெகிழ்ந்து கொடுக்கும்படி அமைக்கப்பட்டன. நெகிழ்ந்து கொடுக்கும் மூட்டில் நாளடைவில் இடுக்கு விழும்.

கூரையிலிருந்தே கேடு தொடங்குகிறது. வளைந்த மெல்லிய பலகைகளின்மேல் கித்தானை இறுக இழுத்து ஒட்டி, ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வெள்ளீய வண்ணத்தைப் பலமுறை பூசுவது பழைய முறை. ஓடும் காலத்தில் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டறையில் அதற்கு மறுபூச்சு நடக்கும். ஓட்டம் நின்றுவிட்டால் மறுபூச்சும் நின்றுவிடும். வெயிலில் காய்ந்த கித்தானில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று விழுந்தாற் போதும். மழைநீர் அதன் வழியே இறங்கிக் கூரைப் பலகையில் ஊறி, நிலைக்காலின் உட்புறமாக வழிந்து, அடிவிட்டத்தில் கழுந்து இறங்கும் துளையில் போய்த் தேங்கும். அங்கே காற்றுப் படாது, வெயில் எட்டாது. மரத்தின் ஈரப்பதம் நூற்றுக்கு இருபதுக்கு மேல் தொடர்ந்து நின்றால் மரத்தைத் தின்னும் பூஞ்சணம் வேலையைத் தொடங்கும். புறத்தே வண்ணம் பளபளவென்று இருக்கும். உள்ளே விரலால் அழுத்தினால் மாவாக உதிரும். பெட்டி நிமிர்ந்து நிற்பது கண்டு மகிழ்ந்திருப்பர். தூக்குவதற்குச் சங்கிலி மாட்டும் நாளில்தான் அடிவிட்டம் கையோடு வரும்.

சாளரம் மற்றொரு வாயில். பழைய பெட்டியின் கண்ணாடிச் சாளரத்தைத் திறக்கும்போது அது கதவின் உள்ளறைக்குள் இறங்கும். கண்ணாடிமேல் விழும் மழைநீரும் உடன் இறங்கும். அந்நீர் வெளியேற அடியில் சிறு துளைகள் விட்டிருப்பர். தூசியும் சருகும் அத்துளைகளை அடைத்துவிட்டால் கதவு ஒரு தொட்டியாக மாறிவிடுகிறது. இதனால்தான் பழைய பெட்டிகளில் மேற்பாதி உறுதியாயிருக்கக் கதவின் கீழ்ப்பாதி மட்டும் இற்றுக் காணப்படும். ஓர் ஊசியால் அத்துளைகளைத் திங்களுக்கு ஒருமுறை குத்திவிடும் வேலையைச் செய்ய ஆள் இருந்தால் ஒரு கதவு பிழைக்கும். காட்சிசாலைப் பணியில் பெரும்பகுதி இத்தகைய சிறுவேலையே.

பின்னாளில் மரச்சட்டத்தின்மேல் இரும்புத் தகடு போர்த்த பெட்டிகள் வந்தன. இவை மரப்பெட்டியினும் தொல்லை மிகுந்தவை. தகட்டுக்கும் மரத்துக்கும் இடையில் ஈரம் சிறைப்பட, தகடு உட்புறத்திலிருந்து துருவேறி வீங்கி மரத்தைப் பிளக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டப்பட்ட பெட்டிகளில் இன்னுமோர் இடர் மறைந்திருக்கலாம். பிரிட்டனில் 1950களில் உருக்குப் பெட்டிகளின் உட்சுவரில் வெப்பமும் ஓசையும் தடுக்க அஸ்பெஸ்டாஸ் தெளித்தனர். அதன் நுண்ணிழை நுரையீரலுக்கு நஞ்சு. அதை அகற்ற உரிமம் பெற்ற தொழிலாளர் வேண்டும். ஞாயிறுதோறும் வந்து உதவும் தொண்டர் அதைத் தொடலாகாது. பழைய ஈய வண்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் அத்தகையதே. பெட்டியை இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று மகிழ்ந்து வாங்கிய சங்கங்கள், அஸ்பெஸ்டாஸ் அகற்றும் செலவைக் கண்டு திகைத்ததுண்டு.

கீழே சக்கரத் தொகுதியிலும் கவனம் வேண்டும். அச்சு உருளும் இடத்தில் எண்ணெய் ஊறிய திண்டு ஒன்று பழைய பெட்டிகளில் உண்டு. பெட்டி ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் எண்ணெய் வடிந்து நீர் புகும். வழவழப்பான அச்சு முனையில் துருக்குழிகள் விழும். பின்னர் ஒருநாள் அதை இழுத்தால் சூடேறிப் பழுதாகும். ஆகவே ஓடாத பெட்டியையும் இடையிடையே சில முழமாவது நகர்த்துவது நல்லது. நகர்த்துவதற்குத் தண்டவாளம் வேண்டும். தண்டவாளத்துக்கு நிலம் வேண்டும்.

தேர் அறிந்தவர்கள்

மழைக்கு ஒதுக்கிடம் இல்லாத மரவண்டி நிலைக்காது என்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. கோயில்தேர் ஆண்டில் சில நாளே வீதிக்கு வரும். மற்ற நாளெல்லாம் தேர்நிலையில் கீற்றோ தகரமோ வேய்ந்த கொட்டகைக்குள் நிற்கும். திருவிழாவுக்கு முன் தச்சர் வந்து அச்சையும் சக்கரத்தையும் தட்டிப் பார்ப்பர். இற்றுப்போன கட்டையை எடுத்துவிட்டுப் புதுக்கட்டை இடுவர். பன்னெடுங்காலத்தில் தேரின் பெரும்பகுதி புதுமரமாகவே ஆகியிருக்கலாம். ஆயினும் அது அதே தேர். கொட்டகை, ஆண்டுக்கொருமுறை ஓட்டம், வழிவழியாகத் தொழில் அறிந்த தச்சர் என்னும் மூன்றும் அதனைக் காத்தன. இவற்றுள் ஒன்று தவறிய ஊர்களில் தேர் வெயிலில் வெடித்துச் செல்லரித்து நின்றதையும் ஊரார் கண்டிருக்கிறார்கள்.

புகைவண்டிப் பெட்டிக்கும் இம்மூன்றுமே தேவை. வேல்ஸ் நாட்டின் தாலிலின் ரயில்வே இதற்கு நல்ல சான்று. கைவிடப்படும் நிலையிலிருந்த அச்சிறு பாதையை 1951இல் தொண்டர் சங்கம் ஒன்று ஏற்று நடத்தத் தொடங்கியது. தொண்டர்களால் நடத்தப்பெற்ற முதற் புகைவண்டிப் பாதை என்று அதனைக் கூறுவர். 1866, 1867ஆம் ஆண்டுகளில் அப்பாதைக்கென வாங்கப்பட்ட பெட்டிகள் இன்றும் அங்கே ஓடுகின்றன. அவை ஓடுவதாலேயே அவற்றின் குறை உடனுக்குடன் தெரிகிறது. பயணச்சீட்டுப் பணம் ஓரளவு அக்குறையைத் தீர்க்கவும் உதவுகிறது.

பெட்டிகளுக்கென்றே ஒரு தொண்டர் காட்சிசாலை இங்கிலாந்தின் யார்க்சயர்ப் பகுதியில் இங்ரோ என்னும் நிலையத்தருகே உள்ளது. பழம்பெட்டி அறக்கட்டளை ஒன்று அதனை நடத்துகிறது. இஞ்சினை விட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்ட அவர்களது தேர்வே பாராட்டுக்குரியது. அங்குள்ள பெட்டிகளுள் 1876இல் கட்டப்பட்ட நான்கு சக்கரப் பெட்டி ஒன்றில் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு அறைகள் மூன்றும் ஒருங்கே அமைந்துள்ளன. பக்கத்துக்குப் பக்கம் அமர்ந்து பார்த்தால் வகுப்பு என்பது என்ன என்று சிறு குழந்தைக்கும் விளங்கும்; முழங்கால் இடிக்கும் தொலைவே பாடம் சொல்லிவிடும். அவ்வறக்கட்டளை பெட்டிகளைக் கூரையின்கீழ் வைத்திருக்கிறது. திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் வாடகைக்கு விட்டு வருவாய் தேடுகிறது. பிரிட்டனில் எஞ்சியுள்ள பழம்பெட்டிகள் எவை, எங்குள்ளன, எந்நிலையில் உள்ளன என்று பெரும்பட்டியல் தொகுக்கும் பணியிலும் ஈடுபட்டது. இம்மூன்றாவது பணி விலைமதிப்பற்றது. எங்கே எது இருக்கிறது என்று தெரியாமல் எதைக் காப்பது என்று முடிவு செய்ய இயலாது.

பிரிட்டனில் மரப்பெட்டிகள் பல பிழைத்த வரலாறும் சுவையானது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு உடற்கூட்டை மட்டும் மக்கள் மலிவாக வாங்கி, குடிலாகவும் கோழிக்கூண்டாகவும் கிடங்காகவும் வைத்துக்கொண்டனர். மேலே தகரக்கூரை ஒன்று போட்டதால் உள்ளே இருந்த பெட்டி எழுபது எண்பது ஆண்டு கெடாமல் கிடந்தது. வரலாற்றைக் காக்க வேண்டும் என்று யாரும் எண்ணவில்லை. கோழி நனையலாகாது என்று எண்ணினர். அக்கூரையே பெட்டியைக் காத்தது.

தொண்டின் எல்லை

தொண்டர் காட்சிசாலையின் வலிமையும் குறையும் ஒன்றே: அங்கு வருபவர் விரும்பி வருபவர். விரும்பிச் செய்யும் வேலையில் நுட்பம் இருக்கும். ஆனால் விருப்பமில்லாத வேலை கிடந்துவிடும். பித்தளைக் கைப்பிடி துலக்குவதற்கு ஆள் கிடைப்பர். அடிவிட்டத்தின்கீழ் மல்லாந்து படுத்துத் துருவைச் சுரண்டுவதற்குக் கிடைப்பது அரிது. ஒரு பெட்டியைச் செம்மை செய்யப் பத்தாண்டு பிடிப்பது வியப்பன்று. அப்பத்தாண்டில் தொடங்கியவர் மூப்படைவார், முடிப்பவர் வேறொருவர். எந்தத் திருகை எங்கிருந்து கழற்றினோம் என்று எழுதி வையாமற்போனால் பின்வருபவர் பெட்டி நிறைய இருக்கும் பித்தளைத் துண்டுகளை வைத்துக்கொண்டு விழிப்பார். உரிமை ஆவணமும் அவ்வாறே. இது கொடையா, இரவலா, வாய்ச்சொல்லா என்று முதல் நாளிலேயே தாளில் எழுதப்படாத பெட்டியால், கொடுத்தவர் மறைந்தபின் வழக்கு எழும்.

எல்லாவற்றிலும் கடியது வேண்டாம் என்று சொல்வது. நாளை உடைத்துவிடுவார்கள் என்று கேட்டால் எந்த ஆர்வலரும் ஓடிப்போய் ஏற்றுக்கொள்வர். இரண்டு பெட்டிக்குக் கொட்டகை உள்ள சங்கத்தில் எட்டுப் பெட்டி சேரும். ஆறு பெட்டி வெளியே நிற்கும். அவை உடைபடுவதிலிருந்து காக்கப்பட்டவை என்று கூறுவதைவிட, மெதுவாக அழிவதற்கு இடம் பெற்றவை என்று கூறுவதே பொருத்தம். எட்டையும் இழப்பதைவிட ஆறை மறுத்து இரண்டைக் காப்பது நன்று. கேட்பதற்கு இரக்கமற்ற சொல்லாகத் தோன்றினும் கொட்டகையின் அளவு அதைத்தான் சொல்கிறது.

செப்பனிடும்போது எழும் ஐயம் ஒன்று தமிழாசிரியருக்கு நன்கு பழக்கமானது. கோலாலம்பூர், கிள்ளான் பாதை திறந்த மறு ஆண்டில், 1887இல், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்டார். செல்லரித்த ஏடுகளை ஒப்பிட்டு, வேறுபடும் பாடங்களை ஆராய்ந்து பதிப்பிக்கும் நெறியைத் தமிழுலகம் அவர் போன்றோரிடம் கற்றது. பழைய பெட்டியின் சுவரும் ஓர் ஏடு. மேல் வண்ணத்தைச் சுரண்டினால் கீழே மற்றொரு நிறம், அதன்கீழ் இன்னொன்று. ஒவ்வொரு பூச்சும் ஒரு காலத்துப் பாடம். எந்த ஆண்டின் தோற்றத்துக்குப் பெட்டியைத் திருப்புவது? முதல் நாளின் தோற்றத்துக்கா, மக்கள் மிகுதியாக ஏறிய காலத்தின் தோற்றத்துக்கா? ஒன்றைத் தேர்ந்தால் மற்றவற்றை அழிக்க நேரும். அழிக்குமுன் ஒவ்வொரு பூச்சையும் ஓரிடத்தில் சிறு சதுரமாக விட்டுவைத்து, நிறமும் வரிசையும் குறித்து வைப்பது நேர்மையான பதிப்பாசிரியர் செயல். பலகை இருக்கையில் யாரோ கத்தியால் கீறிய பெயரை இழைத்து எடுத்துவிடுவது வழவழப்பைத் தரும். ஆனால் பயணியர் எழுதிய வரி அது ஒன்றே.

கிள்ளான் பள்ளத்தாக்கின் நிலை

கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்விடர்கள் எல்லாம் இரட்டிப்பாகின்றன. ஆண்டுதோறும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. காற்றின் ஈரம் குறையும் திங்கள் என்று ஒன்று இல்லை. வேல்ஸிலும் மழை மிகுதி. ஆனால் அங்கே கறையான் இல்லை. இங்கே மண்ணிலிருந்து குழாய்போலப் புற்றெடுத்து ஏறும் கறையானும் உண்டு. மண்ணின் தொடர்பின்றி உலர்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் வகையும் உண்டு. தேக்கின் வைரம் இவற்றை ஓரளவு தாங்கும். பழுதுபார்க்கும்போது இடையிடையே செருகிய மென்மரமும் தேக்கின் வெளிமரமும் தாங்கா. சக்கரத்தைச் சுற்றிப் புல் வளர விட்டாலே கறையானுக்குப் படிக்கட்டு அமைத்ததாகும்.

நிலத்தின் நிலை அதனினும் கடினம். செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், பின்னர் ரயில்வே ஊழியரின் ஊராயிற்று. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த எழுத்தர், நிலைய அதிகாரி, தொழிலாளர் ஆகியோர் அங்கே வாழ்ந்தனர். அங்கிருந்த பெரிய வண்டிக் கொட்டிலும் தண்டவாள முற்றமும் 72 ஏக்கர் கொண்ட கே.எல். சென்ட்ரல் நகரப்பகுதியாக மாறின. 2001இல் புதிய நிலையம் திறக்கப்பட்டதும் 1910இல் எழுந்த பழைய கோலாலம்பூர் நிலையம் தன் தலைமையிடத்தை இழந்தது. பயணியரும் நகரமும் பெற்ற நன்மை பெரிது, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பழம்பெட்டி ஒன்றை ஓரமாக நிறுத்திவைக்கக்கூடிய கிளைத் தண்டவாளம் நகர நடுவில் கிடைப்பது அரிதாகிவிட்டது.

மலிவான நிலம் கிள்ளான் பக்கத்துத் தாழ்நிலத்தில் கிடைக்கலாம். அங்கே வெள்ளத்தை எண்ண வேண்டும். 1926இலும் 1971இலும் கோலாலம்பூரை வெள்ளம் சூழ்ந்தது. 2021 டிசம்பரில் சா ஆலம், கிள்ளான் பகுதிகளில் வீடுகளே மூழ்கின. அடிச்சட்டம் வரை ஏறும் சேற்றுநீர் ஒரே இரவில் அச்சுப் பெட்டிகளுக்குள் புகுந்து பல ஆண்டு வேலையைக் கெடுத்துவிடும். காட்சிசாலைக்கு இடம் தேடுவோர் சாலை வசதியைப் பார்க்குமுன் பழைய வெள்ளக்குறியைப் பார்ப்பது நலம்.

பெட்டியை ஓட்டிக் காக்கலாம் என்றால் அதற்கும் தடையுண்டு. 1957இல் டீசல் இஞ்சின்கள் வந்தன. 1995இல் மின்சாரப் புறநகர் வண்டி தொடங்கியது. பத்துமலைக் கிளைப்பாதையும் 2010இல் மின்மயமாயிற்று. விரைவும் நெரிசலும் மிகுந்த அத்தடத்தில் மரப்பெட்டியை விடுவதற்குப் பாதுகாப்பு அதிகாரிகள் எளிதில் இசையார். இசையாமை குற்றமும் அன்று. உதிரி உறுப்புகளும் இடர்தான். மலாயாவின் பாதை மீட்டர் அகலம். பிரிட்டனின் பெரும்பாதைகள் அகலம் வேறாதலின் அங்கிருந்து சக்கரத் தொகுதி பெற்றுப் பொருத்த இயலாது. மீட்டர்ப் பாதை மிகுந்திருந்த இந்தியாவிலும் 1992 முதல் பாதைகளை அகலப்பாதையாக மாற்றும் திட்டம் விரைந்து நடந்ததால் அவ்வகை உறுப்புகள் அருகிவிட்டன. சென்னைப் பெரம்பூரில் 2002இல் திறந்த வட்டார ரயில் காட்சிசாலையும், கண்டிக்கு அருகே கடுகண்ணாவையில் 2014இல் திறந்த இலங்கைக் காட்சிசாலையும் அரசுத்துறை ரயில்வேயின் துணையால் நிற்பவை. பட்டறை, பாரந்தூக்கி, பழகிய ஊழியர் ஆகியவை அவற்றுக்கு எட்டும் தொலைவில் உள்ளன. தனித்து நிற்கும் தொண்டர் சங்கம் பாரந்தூக்கியை ஒருநாள் வாடகைக்கு எடுக்கவே நன்கொடை திரட்ட வேண்டும்.

அத்தகைய பட்டறை கோலாலம்பூரிலும் இருந்தது. செந்தூலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த மத்தியப் பட்டறை மலாயா முழுமைக்கும் பெரியது. தச்சர், கொல்லர், வண்ணம் பூசுவோர், இருக்கை தைப்போர் எனப் பல்வேறு தொழிலாளர் அங்கே திரண்டனர். தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். சப்பானியர் ஆட்சியில் மலாயாவின் தண்டவாளங்களும் வண்டிகளும் பல சயாம், பர்மா பாதைக்குக் கொண்டுபோகப்பட்டன. 1945இல் நேசநாட்டு விமானங்கள் செந்தூல் பட்டறையைக் குண்டுவீசித் தகர்த்தன. போருக்கு முந்திய பெட்டிகள் அரிதாயிருப்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் பங்குண்டு. போருக்குப்பின் மீண்டெழுந்த பட்டறையின் பணிகளும் பின்னாளில் பேராக்கிலுள்ள பத்து காஜாவுக்குச் சென்றன. செந்தூலின் பழைய ரயில்வே கட்டடம் ஒன்று 2005இல் நாடகக் கலையரங்கமாகப் புத்துயிர் பெற்றது. கட்டடம் பிழைத்தது நன்றே. பட்டறையில் கையெழுத்துப்போல் ஒவ்வொருவருக்கும் வாய்த்திருந்த தொழில் அவ்வாறு வேறொன்றாக மாறி வாழ முடியாது.

2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் கட்டடங்களுக்கு மட்டுமன்றிப் பழம்பொருள்களுக்கும் இடம் தருகிறது. பெட்டி ஒன்று கிடைக்குமானால் அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு கோரலாம். ஆயினும் சட்டம் கூரை வேயாது. கித்தானை எப்படி இழுத்து ஒட்டுவது என்றும் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர் 1960களில் பயிற்சித் தொழிலாளராகச் செந்தூலில் சேர்ந்தவர்கள். அவர்கள் இன்று எழுபதும் எண்பதும் கடந்தவர்கள். பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் கிள்ளானிலும் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள்.

பெட்டி வருமுன்னரே தொடங்கத்தக்க பணி அவர்களிடத்தில் இருக்கிறது. அளவும் வரைபடமும் பழைய ரயில்வே ஆவணங்களில் கிடைக்கலாம், கைவழக்கு கிடைக்காது. வார்னிசு எத்தனை பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே எத்தனை நாள், மழைநாளில் என்ன செய்தார்கள், இற்ற கழுந்தை வெட்டி ஒட்டுப் போடும்போது எந்த வாட்டத்தில் அறுத்தார்கள் என்று கேட்டு ஒலிப்பதிவு செய்ய வேண்டும். உறுப்புகளுக்கு அவர்கள் வழங்கிய பெயரும் கேட்கத்தக்கது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தச்சருடைய சொற்கள் பலவற்றைத் தொகுத்தது. ஆங்கிலமும் மலாயும் தமிழும் கலந்த செந்தூல் பட்டறையின் சொற்களைத் தேடி யாரும் அன்று கடல் கடந்து வந்திருக்க மாட்டார்கள். பள்ளியின் உயர்வகுப்பு மாணவர் நால்வர், ஒரு குறிப்பேடு, ஓர் ஒலிப்பதிவுக் கருவி, பெரியவர் சொல்லச் சொல்லப் படம் வரைந்து பெயர் குறிக்க ஒரு பெரிய தாள் ஆகியவற்றோடு இதனை ஒரு சனிக்கிழமை பிற்பகலில் தொடங்கிவிடலாம். முதற்கேள்வியாக மூன்றாம் வகுப்பு இருக்கையின் பலகை எத்தனை அங்குல அகலம் என்று கேட்கலாம்.